ஏழுமலையின் குதிகாலுக்கு என் இதய மாத்திரை

போன செவ்வாய்க்கிழமை காலை மாத்திரை போட்டுக்கொள்ள டப்பாவைத் திறந்தேன். செவ்வாய் இருந்தது. புதன் இருந்தது. வியாழனும் வெள்ளியும் காலி!

ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாரம் முழுவதற்குமான இதய மாத்திரைகளை நானே நிரப்புவேன். ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து இந்த ஒரு வேலையை மட்டும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. அப்படியிருக்க, இன்னும் வராத வியாழக்கிழமையை யார் விழுங்கியிருப்பார்கள்?

மனைவியைக் கேட்டேன்.

“உங்க மாத்திரைய எடுத்து நான் இன்னா பண்ணப் போறேன்?” என்றாள். நியாயம்தான். பிறகு கொஞ்சம் யோசித்து, “நேத்து ஏழுமல வந்துட்டுப் போனான்...” என்று இழுத்தாள்.

ஏழுமலை என் மச்சான். மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி வீடு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. ஆள் தைரியசாலி. பழுக்கக் காய்ந்த கம்பி சீறிக்கொண்டு வருகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று நிதானமாக டீ குடிப்பான். அது போதாதென்று வருடா வருடம் அம்மன் கோயிலில் தீ மிதிப்பான். மகள் குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, ஐந்து வருடம் மிதிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவன். குழந்தை பிழைத்தது. இது ஐந்தாவது வருடம். இந்த ஒரு தடவை மிதித்துவிட்டால் வேண்டுதல் முடிந்தது.

இவ்வளவு வீரனுக்கு ஒரே ஒரு பயம்தான். ஊசி! நர்ஸ் சிரிஞ்சை எடுத்தாலே இவனுக்குக் கண் சொருகிவிடும். மகளுக்குத் தடுப்பூசி போடப் போன நாளில், குழந்தை அழவே இல்லை. இவனைத்தான் பெஞ்சில் படுக்கவைத்து விசிறினார்கள்.

இப்போது பிரச்னைக்கு வருகிறேன். தீமிதிக்குக் காப்பு கட்டிவிட்டால் செருப்பு போடக் கூடாது. மில்லுக்குள்ளேயோ சேஃப்டி ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். என்ன செய்வது? ஏழுமலை ஒரு சமரசத் திட்டம் வகுத்தான். கேட்டுக்கு உள்ளே கம்பெனி சட்டம், வெளியே அம்மன் சட்டம். ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடையைக் கட்டுவான்.

தொழிற்பேட்டை ரோட்டில் வெறுங்கால்! லாரிகள் சிந்திவிட்டுப் போகிற இரும்புச் சிலும்புகளையெல்லாம் நான் தனியாக வர்ணிக்க வேண்டுமா? சனிக்கிழமை ஒரு கம்பித் துண்டு குதிகாலில் ஏறிவிட்டது. முதலுதவி அறையில் துடைத்துக் கட்டுப் போட்டவர், “ஒரு டிடி ஊசி போட்டுடலாம்” என்றிருக்கிறார்.

“காப்பு கட்டிக்கினா ஒடம்புல ஊசி படக் கூடாது சார்” என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்துவிட்டான் நம் ஆள்.

அப்படியொரு விதியே கிடையாது. கோயில் பூசாரியே தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்.

மறுநாள் ஞாயிறு. வீங்கிய காலோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப் போலப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு... எதைப் படித்தாலும் உடனே யாருக்காவது விளக்கியாக வேண்டும்.

“ஏழுமலை, இதைக் கேளு. இதயத்துக்குக் கொடுக்கற பழைய மருந்து சிலதை வெச்சு கிருமிங்களோட கொட்டத்தை அடக்க முடியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்களாம்!”

“கிருமிய சாவடிச்சிடுமா மாமா?”

“அதுதான் இல்லை. கொல்லாது. ஒரு ரவுடி இருக்கான்னு வெச்சுக்கோ. அவனை என்கவுன்ட்டர் பண்ணா, தப்பிச்ச கூட்டாளிங்க உஷாராகி இன்னும் மோசமா கிளம்புவாங்க. அதுக்குப் பதிலா கையில இருக்கற பட்டாக்கத்தியை மட்டும் பிடுங்கிட்டா? ஆள் இருப்பான். ஆனா சும்மா இருப்பான். அந்த மாதிரி கிருமியோட விஷத்தை மட்டும் நிறுத்தற வேலை. ஏற்கெனவே மனுஷங்க சாப்பிடற மருந்துங்கறதால, புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கறதைவிட சுலபமாம்.”

ஏழுமலையின் கண்கள் விரிந்தன. “ஊசி கெடையாதா மாமா?”

“மாத்திரைதான்” என்றேன், ஏதோ அந்த ஆராய்ச்சியை நானே நடத்துவதுபோல.

அந்தச் செய்தியில் கடைசியாக ஒரு பாரா இருந்தது. அதை நான் படிக்கவில்லை. நாஷ்டா ரெடி என்று கூப்பிட்டுவிட்டார்கள். பூரி!

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். காலி டப்பாவோடு அவன் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வலது குதிகாலில் பெரிதாக ஒரு மஞ்சள் உருண்டை. கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது.

“மாத்திரை எங்கேடா?”

“கோச்சிக்காத மாமா. வியாயக்கெயமக்குள்ள வாங்கி வெச்சிடலாம்னுதான் எடுத்தேன்.”

“அய்யய்யோ, முழுங்கிட்டியா?”

“நான் இன்னா லூசா? முயுங்குனா அது நேரா ஆர்ட்டுக்குப் பூடும். அதுக்குத் தெரிஞ்ச ரூட்டு அதான? கால்ல கீற கிருமிக்கு எப்பிடி வரும்? அதான் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அரச்சி, ஸ்பாட்லயே வெச்சிக் கட்டிட்டேன்.”

சிரிப்பதா, அழுவதா? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. இரண்டு நாள் என் இதயத்தைக் காப்பாற்ற வேண்டிய மருந்து, வேப்பிலைத் துவையலாகிக் குதிகாலில் காய்ந்துகொண்டிருந்தது.

அவன் மனைவி தனம் உள்ளேயிருந்து வந்தாள்.

“அண்ணா, நீங்கதான் சொன்னீங்களாமே? ராத்திரி பூரா அனலா கொதிக்குது ஒடம்பு. கேட்டா ‘கத்திய புடுங்கிக்கினு கீறாங்க, கம்முனு இரு’ன்றாரு. ஒரே பேஜாரா கீது.”

அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் வாய்தானே காரணம்? ஆட்டோவைக் கூப்பிட்டேன். தனமும் கூடவே ஏறிக்கொண்டாள்.

கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர். கட்டைப் பிரித்தார். மோந்து பார்த்தார். “என்ன இது, சமையல் குறிப்பா?” என்றார்.

நான்தான் தலையைக் குனிந்துகொண்டு விளக்கினேன். ரவுடி, பட்டாக்கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஆராய்ச்சி நடக்கறது உண்மைதான் சார். நல்ல யோசனைதான். ஆனா லேப்ல, சின்னத் தட்டுல வளர்ற கிருமிகிட்ட பார்த்துக்கிட்டிருக்காங்க. மனுஷங்களுக்குச் சரிப்படுமா, எவ்வளவு கொடுக்கணும், எதுவும் முடிவாகலை. முக்கியமா, மஞ்சள் கலந்து பார்க்கலை!” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அதை முழுங்கியிருந்தா பிரஷர் இறங்கி விழுந்திருப்பாரு. இதையே இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா, பாதத்தையே வெட்ட வேண்டி வந்திருக்கும். பேப்பர்ல இதெல்லாம் போட்டிருந்துச்சே... முழுசா படிச்சீங்களா?”

அந்தக் கடைசி பாராவில்தான் எல்லாம் இருந்திருக்கிறது. நாமெல்லாம் அப்படித்தானே? நல்ல சேதி வரும்வரை படிப்போம். ‘ஆனால்’ என்று ஆரம்பிக்கும்போது பூரி சாப்பிடப் போய்விடுவோம்.

பிறகு புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். ஆன்டிபயாடிக் ஊசி, டிடி ஊசி, மரத்துப்போக ஓர் ஊசி. நர்ஸ் ட்ரேயைக் கொண்டுவந்தபோது ஏழுமலை என் கையைப் பிடித்தான் பாருங்கள்... கம்பி வளைக்கிற பிடி! அன்று இரண்டு பேர் கத்தினோம். எது யாருடைய குரல் என்று வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எல்லாம் முடிந்ததும் டாக்டர் சொன்னார். “கால் பொழச்சுக்கும். தினமும் ஊசிக்கு வரணும். ஆனா இந்த வருஷம் தீ மிதிக்கக் கூடாது.”

ஊசிக்குக் கத்தியவன் இதற்குக் கத்தவில்லை. சத்தமில்லாமல் அழுதான். “கடைசி வருசம் மாமா. கொயந்தைக்கு நேர்ந்துக்கினது. பாதியில வுட்டா எப்பிடி?” என்றான். அந்த நிமிடம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. டாக்டரிடம்கூட ஏதாவது வழியிருக்கிறதா என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

தனம்தான் பேசினாள். “இன்னாத்துக்கு அழுவுற? பொண்ணு உனக்கு மட்டுந்தான் பொறந்துச்சா? நான் மிதிக்கிறேன்.”

அவ்வளவுதான். பூசாரியைக் கேட்டார்கள். தாராளமாக மிதிக்கட்டும் என்றார். புதன்கிழமை தனத்துக்குக் காப்பு கட்டினார்கள். ஏழுமலை தினமும் ஊசிக்குப் போனான், ஒவ்வொரு நாளும் என் கையோடு.

ஞாயிறு சாயங்காலம் கோயிலில் நல்ல கூட்டம். மஞ்சள் புடவையில், தலையில் பூவோடு தனம் வரிசையில் நின்றாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில், கட்டுப் போட்ட காலோடு ஏழுமலை. மடியில் மகள். நெருப்பை நான்கு முறை பார்த்தவனுக்கு, மனைவி அதில் இறங்கப் போகிறாள் என்றதும் நடுக்கம் கண்டுவிட்டது. அவள் முறை வந்தபோது பொறுக்கமுடியாமல் கத்தினான்.

“தனம்! வாணாம், இப்பவே வந்துடு! கால் வெச்சதும் ஊசி குத்தற மாரியே இருக்கும்!”

தனம் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

“அவ்ளோதானா? இதுக்கா நாலு வருசம் அந்த பில்டப்பு குடுத்த?” என்று கேட்டுவிட்டு நெருப்பில் இறங்கி நடந்தாள்.