ராமர் சொன்ன எட்டு மணி நேரம்

ஸ்டூலை அபிராமி பிடித்துக்கொண்டாள். அப்பா ஏறி டியூப் லைட்டின் சோக்கை மாற்றினார். மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணிட்டேம்ப்பா."

"நீ பண்ணிட்ட. கரண்டு கேட்டுச்சா?"

எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள் அவள். 2007 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா ராமர் பிறகு எழவில்லை. வயது ஐம்பத்திரண்டு.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பத்தொன்பது வருடம். துணியைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்க்கும் கேலண்டரிங் மெஷினில் ஆபரேட்டர். லேசில் யாரையும் நம்பமாட்டார். கோயில் அன்னதானத்தில்கூட யார் உபயம் என்று கேட்டுவிட்டுத்தான் இலை முன் உட்காருவார்.

அப்படிப்பட்டவரை ஒரு வக்கீல் பேசும் கூட்டத்துக்கு இழுத்தது சின்னத்தாய். அவருடைய மெஷினில் துணி விடும் ஹெல்ப்பர். மார்ச் மாதம் ஓவர்டைமில் அவள் வலது கை உருளைக்குள் போய்விட்டது. அவள் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விட்டாள், விபத்து கம்பெனிக்குள் நடக்கவேயில்லை என்றது கம்பெனி. வருகைப்பதிவும் அப்படியே இருந்தது. நடந்ததைப் பார்த்தவர் ராமர் ஒருவர்தான்.

"அந்த வக்கீலம்மாவ ஒருக்கா பாருங்க அண்ணாச்சி. நீங்க வாயத் தொறந்தாத்தான் எனக்கு வழி."

"பாக்கேன். பேசமாட்டேன்."

அவர் சாவதற்குச் சில நாள் முன்பு ஒரு தொண்டு நிறுவனம் கல்யாண மண்டபத்தில் நடத்திய பொதுச் சொற்பொழிவு அது. தலைப்பு, சர்வதேசச் சட்டமும் மனித உரிமையும். அபிராமியும் போனாள். வக்கீல் இந்துமதி ஒரு மணி நேரம் பேசினார். ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தம் இங்கே மெஷின் முன்னால் நிற்பவருக்கும் உண்டு என்றார்.

"கையெழுத்துப் போட்டவன் நம்ம ஷெட்டுக்கு வந்து பாத்தானாளா?" என்று ராமர் மகளின் காதில் முணுமுணுத்தார். "இலவசம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கான். யாரு குடுக்கான்னு போடலியே."

பேச்சு முடிந்ததும் வக்கீல், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். ராமரைப் பார்த்து, "ஐயா, நீங்க சொல்லுங்களேன்" என்றார்.

ராமர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"எட்டு மணி நேரங்க. அஞ்சரைக்கு மேல ஷெட்டுல யாரும் இருக்கமாட்டோம்."

துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம் சூப்பர்வைசர் தனபால் சொல்லிக்கொடுத்த பதில். ஆறு வருடமாக நாக்கில் இருந்தது. மணிக்கணக்கு கேட்பவர் யாரானாலும் ஆடிட்டர் என்பதுதான் ராமரின் கணிப்பு.

"அண்ணாச்சி ஆடிட்டுல பாஸு!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த சின்னத்தாய் கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து கொடுத்த டீயை ராமர் தொடவில்லை. "அந்தம்மா யாரு வண்டில ஏறுதுன்னு பாக்கணும்" என்று வெளியே வந்து நின்றார். கம்பெனி கார் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. இந்துமதி நடந்துபோய் பஸ் நிறுத்தத்தில் தாராபுரம் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்றார். அதன்பிறகுதான் ராமர் அவரிடம் போனார்.

"உள்ள சொன்னது பொய்யிம்மா. ராத்திரி ஒம்பதரை. நாந்தான் சுவிட்ச அணைச்சு அந்தப் பிள்ள கைய எடுத்தேன்."

"இதையே எழுதினா கையெழுத்துப் போடுவீங்களா?"

"மொதல்ல எம் மவ படிப்பா."

"படிக்கட்டுங்க."

வாக்குமூலம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தது. அபிராமி மூன்று முறை படித்தாள். தேதி, நேரம், மெஷின் நம்பர் எல்லாம் சரி. திங்கள் காலை பத்து மணிக்கு வக்கீல் ஆபீசில் கையெழுத்து. புதன்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை.

திங்கள் பத்து மணிக்கு ராமர் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். தனபால் மாலையோடு வந்தார். போட்டுவிட்டு அலமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"தங்கமான மனுசனுங்க. ஏனுங் கண்ணு, அப்பா யாருக்காச்சும் ஏதாச்சும் எழுதிக் குடுத்தாருங்களா?"

"இல்லீங்க" என்றாள் அபிராமி.

அது உண்மைதான். மூன்று பிரதிகள் அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ராமர் என்று டைப் அடித்து, மேலே கோடு போட்டிருந்தது. கோட்டின் மேல் எதுவும் இல்லை. வாசலில் பெண்களோடு உட்கார்ந்திருந்த சின்னத்தாய் அதைப் பற்றிக் கேட்கவில்லை. விபத்து நடந்த இரவு அபிராமி ஷெட்டில் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டால் செல்லாது.