வெள்ளைக்காரன் கட்டிய கோணல் பாலம்

1978 மார்ச் 7, செவ்வாய்க்கிழமை, காலை 8.40. மலை மேல் மூடுபனி, போடியில் வெயில். குரங்கணி போகிற வழியில் ஓர் ஓடைப் பாலத்தடியில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

பழைய பாலங்களை அளந்து, இன்றைய பாலப் பொறியியல் எப்படி வளர்ந்து வந்தது என்று அறிய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அறியப் போனவர்கள் இருவர்: ஓவர்சியரான நான் ஓடையில், அசிஸ்டென்ட் எஞ்சினீயர் ஜீப்பில். அவர் ஷூ நனையவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்துப் பாலம், ஒரே கல் வளைவு. கரைக்குக் கரை மட்டமாக நூல் கட்டி, பதின்மூன்று இடங்களில் வளைவின் உயரம் எடுத்தேன். உச்சி நடுவில் இல்லை. வடகரைப் பக்கம் 28 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. மூன்று முறை அளந்தேன், மூன்று முறையும் 28. காரணம் கண்ணெதிரே இருந்தது: வடகரை முழுப் பாறை. கட்டியவன் அதை உடைக்காமல், வளைவின் அந்தப் பக்கத்துக் காலை மறுகாலைவிட 40 சென்டிமீட்டர் உயரத்திலேயே ஊன்றிவிட்டான்; உச்சியும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. அஸ்திவாரச் செலவு மிச்சம். பாலங்களின் வளர்ச்சி பற்றி அன்று நான் அறிந்தது அவ்வளவுதான்.

ஆபீசில் எஞ்சினீயரிடம் வரைபடத்தை நீட்டினேன்.

"என்னய்யா இது, வயித்துவலிக்காரன் குனிஞ்ச மாதிரி இருக்கு?"

"இருக்கிறதே அப்படித்தான் சார்."

"வெள்ளைக்காரன் கோணலாக் கட்டுவானாய்யா? உன் டேப்புதான் கோணல். உச்சிய நடுவுக்குக் கொண்டா."

"ஒருக்கா வந்து பாருங்க சார்."

"பாத்தேனே, ஜீப்புல இருந்து. நேராத்தான் இருந்துச்சு." பிறகு மெதுவாக, "உன் புரபேஷன் ரிப்போர்ட் எங்கிட்டதானே இருக்கு?" என்றார்.

இருந்தது. என் சம்பளத்தில் சாப்பிடும் வாய்கள் ஏழு. காம்பஸை எடுத்து அழகான வளைவு ஒன்று போட்டேன். 'அளந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவர் இடவில்லை. "அளந்தது நீ, சரியாத்தான் இருக்கும்" என்று என் திறமையைப் பாராட்டினார். அந்த வரைபடத்தை வைத்து, பழைய பாலங்களின் கணிதத் துல்லியம் பற்றிச் சென்னையில் கட்டுரை வாசித்தார். பதவி உயர்ந்தார்.

மூன்று வருடம் கழித்துப் பாலத்தை அகலப்படுத்த உத்தரவு வந்தது. பழைய வளைவை ஒட்டி அதே அளவில் இன்னொரு வளைவு. கல் இறுகும்வரை அதை அடியில் தாங்கும் வளைந்த மரச்சட்டங்கள் நான்கை, கோப்பில் இருந்த என் வரைபடத்தைப் பார்த்து, என்னைக் கேட்காமல் போடியிலேயே அறுத்து லாரியில் கொண்டுவந்தார்கள். இறக்கி நிறுத்திய தச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒரு காலு பாறையில ஏறி நிக்கிது, மறு காலு அந்தரத்துல தொங்குது. வெரசாச் சொல்லுங்க, மரத்த அறுக்கவா, பாறைய அறுக்கவா?"

"பாறைய ஒடைக்க எஸ்டிமேட்டுல காசு இல்லப்பா."

"அப்ப வரைஞ்ச ஆள அறுத்துருவமா?"

கூலியாட்கள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரைந்தவன் யார் என்று அவருக்குத் தெரியாது.

நான்கு சட்டமும் வீண். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். "நேராக்கச் சொன்னாருன்னு எழுத்துல இருக்கா?" என்றார். எழுத்தில் இருந்தது என் கையெழுத்து ஒன்றுதான்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கோணலாக இருக்கும் பாலத்தைக் கோணலாகவே வரையுங்கள். முடியாதென்றால், நேராக்கச் சொல்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நேராக்குங்கள். என் வேலை போகவில்லை. மர நஷ்டத்தை மட்டும் மாதம் 107 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். வெள்ளைக்காரன் கட்டிய பாலத்தைக் காகிதத்தில் நேராக்கியதற்கு எனக்கு ஆன செலவு 1,284 ரூபாய்.