நடு வீட்டு முனிராஜண்ணா

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். முனிராஜண்ணா இறந்துவிட்டார் என்று சரோஜாக்கா போனில் சொன்னபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஐயோ, அப்போ என் ஃபைலு?" என்பதுதான். காலை நேரம், ஒரு கையில் மாவுக் கரண்டி, இன்னொரு கையில் போன். புருஷனைப் பறிகொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத அந்த அம்மா, அழுகைக்கு நடுவே, "நீலப் பையில பத்திரமா இருக்கும்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மாவுக் குண்டானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முப்பதாம் நாளுக்கு அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் என்னைக் காட்டினார்கள். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். "அவரை ஜாஸ்தி படுத்துனது நீதானே, நீயே எழுது" என்றார்கள். நியாயம்தான்.

அவரோடு கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்காக எங்கள் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து சூளகிரி போகும் ரோட்டை ஒட்டி, ஒரே மேஸ்திரி ஒரே மாதிரி கட்டிய ஏழு வீடுகள். என் வீடு இரண்டாவது. அண்ணா வீடு நான்காவது, நட்ட நடு. முப்பது வருடம் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கன்னடம், டீக்கடையில் தெலுங்கு, என்னோடு சண்டை போட மட்டும் தமிழ்.

மூன்று வருடம் முன்பு என் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டாம் எண் வீட்டுக்குப் பல வருடமாகச் சொத்து வரி கட்டவில்லை, குடிதண்ணீர்க் குழாயைத் துண்டிப்போம் என்று இருந்தது. பேர் போட்டிருந்த இடத்தில் கோவிந்தசாமி. நான் மாதம்மா. ஒரு வருடம்கூட வரி கட்டத் தவறாதவள், ரசீதெல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. இட்லி மாவு அரைத்து விற்பது என் பிழைப்பு. கம்பெனிப் பையன்களின் ரூம்களுக்கெல்லாம் என் மாவுதான். குழாயை வெட்டினால் கிரைண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டின்னோடு வரி ஆபீசுக்கு ஓடினேன். "பேரு உங்களுதுதாம்மா. ஆனா இது ஆறாம் நம்பர் வீட்டு ரசீது" என்றார் கவுன்டரில் இருந்தவர். அதுவரைக்கும் நான் ரசீதில் என் பேரைத்தான் பார்த்திருக்கிறேன், நம்பரைப் பார்த்ததே இல்லை. சரி, மாற்றிக் கொடுங்கள் என்றேன். மாற்ற வேண்டுமென்றால் இரண்டாம் எண்ணில் பாக்கி இருக்கக் கூடாது என்றார். கட்டிவிடுகிறேன் என்றேன். கட்டினால் ரசீது கோவிந்தசாமி பேரில் வரும் என்றார். என் பேரில் கொடுங்கள் என்றேன். அதற்குப் பேரை மாற்ற வேண்டுமே என்றார். மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன், அவரும் முதலிலிருந்து சொன்னார். கிரைண்டர் கல் மாதிரி அங்கேயே சுற்றினேன். ஒன்றும் அரையவில்லை.

திரும்பி வந்து நடு வீட்டு வாசலில் நின்று புலம்பினேன். "ஏனம்மா மாதம்மா, ஊரைக் கூட்டறே?" என்று வெளியே வந்தார்.

"உங்க ரசீது மட்டும் சரியா இருக்கும். நீங்கதான் பெரிய ஸ்டோர்ஸ் ஆச்சே!"

உள்ளே போய் எடுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. எனக்கு இன்னும் எரிச்சல், அவருக்குச் சந்தேகம். ஏழு வீட்டு ரசீதையும் வாங்கி வந்து, தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் நம்பர் வரிசையில் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்தார். வீடுகளைப் பார்த்தார், ரசீதுகளைப் பார்த்தார். பிறகு தொட்டியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்று சிரிக்க ஆரம்பித்தார்.

"கதவுல நம்பர் இந்தக் கோடியில இருந்து போட்டிருக்கான். பஞ்சாயத்து நோட்டுல பேரு அந்தக் கோடியில இருந்து எழுதியிருக்கான். ரெண்டாவது வீட்டுக்காரி நீ, நோட்டுல ஆறாவது. ஆறாவது வீட்டுக்காரன் கோவிந்தசாமி, நோட்டுல ரெண்டாவது. நான் நடுவுல. எந்தப் பக்கம் இருந்து எண்ணினாலும் நாலு."

கம்பெனியிலும் ஒருமுறை இப்படி நடந்ததாம். புதிதாக வந்தவர் ரேக்குகளுக்குப் பின்கோடியிலிருந்து நம்பர் ஒட்டிவிட்டார். போல்ட் கேட்டால் வாஷர் வந்தது. "நான் தினமும் செக் பண்ணது நடு ரேக்கு. அது சரியா இருந்துச்சு. அதனாலதான் கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆச்சு" என்றார். எங்கள் வரிசையிலும் அதுதான் கதை. மற்றவர்கள் ஒழுங்காகக் கட்டியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கட்டாதவர் கோவிந்தசாமி ஒருவர்தான், அவரோடு கோத்துக்கொண்டவள் நான்.

ஏழு வீட்டில் குறையே இல்லாத வீடு அவருடையது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். கம்பெனியில் கொடுத்த நீலப் பையை எடுத்துவந்து என் ரசீதுகளை அதில் போட்டுக்கொண்டார். "ஸ்டோர்ஸ் தப்பா இருந்தா எனக்குச் சோறு எறங்காதும்மா."

கோவிந்தசாமி கையெழுத்து போட்டால்தான் மனுவை வாங்குவோம் என்றார்கள். அவர் ஆறாவது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பர்கூரில் குவாரி சூப்பர்வைசராக இருந்தார். பஸ் ஏறிப் போனோம். மனுஷன் சந்தோஷமாக இருந்தார். வருடா வருடம் செல்போனில் ஆறாம் எண்ணைப் பார்ப்பாராம், பாக்கி இல்லை என்று வருமாம். "யாரோ புண்ணியவான் கட்டறான்னு விட்டுட்டேங்க."

"புண்ணியவான் இல்ல, புண்ணியவதி. எதிர்ல நிக்கறேன், நல்லாப் பாத்துக்கோங்க" என்றேன்.

கையெழுத்து மட்டும் போட மாட்டேன் என்றார். போட்டால் பாக்கி அவர் தலையில் வந்து விழுமே! முனிராஜண்ணா சத்தம் போடவில்லை. "சார், கம்ப்யூட்டர்படி உங்க வீடு இந்தம்மா பேர்ல இருக்கு. நாளைக்கு விக்கப் போனா வரி ரசீது கேப்பாங்க. நீங்க இந்தம்மாகிட்டதான் வந்து நிக்கணும். இவங்க வாயை நீங்க ரெண்டு நிமிஷம்தான் கேட்டிருக்கீங்க" என்றார். கோவிந்தசாமி பேனா கேட்டார்.

"என் வாயைக் காட்டியா பயமுறுத்துனீங்க?" என்று பஸ்ஸில் சண்டை பிடித்தேன்.

"கையிருப்புல அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு."

மனு உள்ளே போய் மாதங்கள் ஆயின. நடுவில் ஒருநாள் குழாயை வெட்ட இரண்டு பேர் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து, என் குழாய்க் குழிக்கு மேல் போட்டு உட்கார்ந்தார். "வெட்டுங்கப்பா, வேணாங்கல. எத்தனாவது வீட்டுக் குழாய வெட்டறோம்னு எழுதிக் குடுத்துட்டு வெட்டுங்க." அவர்கள் கதவைப் பார்த்தார்கள், பேப்பரைப் பார்த்தார்கள், போன் செய்தார்கள். மத்தியானம் வரை அண்ணா நகரவில்லை. கடைசியில் அவர்கள்தான் போனார்கள். அந்த நாற்காலிக்கே சரோஜாக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆபீசில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு புது ஆளிடமும் முதல் ரசீதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். படியேறும்போதே எனக்கு மூச்சு முட்டும். "விட்டுடலாம்ணா. சாகற வரைக்கும் நான் ஆறாம் நம்பராவே இருந்துட்டுப் போறேன்" என்று ஒருநாள் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். "எழுதினதை நம்பும்மா. எந்தக் கோடியில இருந்து எழுதினான்னு கேட்டுட்டு நம்பு. கேக்கத்தானே வந்திருக்கோம், எந்திரி" என்றார். அன்றைக்கு ஒரு புது யோசனையும் செய்தார். எண்ணும் பேரும் சேர்ந்தே சரியாக இருக்கும் ரசீது எப்படி இருக்கும் என்று அதிகாரி பார்க்கட்டும் என்று, தன் நான்காம் எண் ரசீதின் நகலை என் மனுவில் வைத்துக் குத்தினார்.

அவர் போன பன்னிரண்டாம் நாள், அவருடைய போனைத் தூக்கிக்கொண்டு சரோஜாக்கா என் வீட்டுக்கு ஓடிவந்தார். மனுவில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். மனு ஏற்கப்பட்டது என்று செய்தி வந்திருந்தது. இருவரும் இ-சேவை மையத்துக்குப் போனோம். இரண்டாம் எண், மாதம்மா. எத்தனை வருடம்! நான் அங்கேயே மூக்கைச் சிந்தினேன். "நம்ம வீட்டையும் ஒருதரம் பாத்துரும்மா. அவரு இருந்தா பாப்பாரு" என்றார் அக்கா.

நான்காம் எண்ணைப் பார்த்தோம். மாதம்மா.

அவர் குத்தி வைத்த நகலையும் மாற்ற வேண்டிய வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரோஜாக்கா, "வாடகை எவ்வளவு தரணும்மா?" என்று கேட்டார். அவர் போனதிலிருந்து அக்கா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆக, முனிராஜண்ணாவின் ஞாபகமாக என்னிடம் இருப்பது இவ்வளவு: ஜிப் போன ஒரு நீலப் பை, எந்தக் கோடியிலிருந்து எழுதினார்கள் என்று கேட்கும் பழக்கம், ரெக்கார்டுபடி அவருடைய வீடு.

மறுநாளே நீலப் பையைத் தூக்கிக்கொண்டு போய், நான்காம் எண்ணைச் சரோஜாக்கா பேருக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தேன். என் சொந்த வீடு இது இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். என் இரண்டாம் எண் ரசீதின் நகலை வைத்துக் குத்திக் கொடுத்தேன். இந்த முறை வேலை எட்டே நாளில் முடிந்தது. நேற்று பார்த்தேன். இரண்டாம் எண் இப்போது சரோஜாக்கா பேரில் இருக்கிறது.