நெல்லுக்குப் பேர் கேட்கப் போய்

ஜார்க்கண்டின் முண்டாரி, மேகாலயாவின் காசி, கம்போடியாவின் கெமர் எல்லாம் ஒரே பழைய மொழியிலிருந்து பிரிந்தவை. அந்த மொழிக்காரர்கள் நெல்லையும் தினையையும் எப்படி அழைத்திருப்பார்கள் என்று கணிப்பது என் வேலை. சொல் கேட்டு அலையும் சக பாவிகளே, உங்களையும் ஒரு முறையாவது உளவாளி என்று நினைத்திருப்பார்கள்.

கம்பெனி கேட் வாசல்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் முண்டாரி பேசும் பெண்கள் தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஷிப்டு முடியும் நேரம் நோட்டோடு போய் நின்றேன். செக்யூரிட்டி நோட்டை வாங்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ‘பாபா’. முண்டாரியில் நெல்லுக்கு அதுதான் பேர் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெல்லு பேரு கேக்க தோல் கம்பெனிக்கா வருவாங்க? எந்த பாபாவுக்கு மேடம் ஆள் சேக்குறீங்க?"

நாற்பது சொற்கள்

அந்தப் பெண்களில் சுமி மட்டும் ஹாஸ்டலுக்கு வரச் சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, நாற்பது சொற்கள். இந்திச் சாயல் இருந்தால் கடன் வாங்கிய சொல்லோ என்று சந்தேகப்படுவது எங்கள் வழக்கம். சுமி சொன்ன எதிலும் அந்தச் சாயலே இல்லை. புதையல் கிடைத்ததாக நினைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

நாலாவது வாரம் தினைக்கான சொல்லைச் சத்தமாகப் படித்தேன். சுமியின் அறைத்தோழி சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அது சூப்பர்வைசருக்கு இவர்கள் வைத்த பட்டப்பேர்! நாற்பதில் முக்கால்வாசி சுமி அங்கேயே கட்டிவிட்டவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுமி சிரிக்கவில்லை. கம்பெனித் தமிழில் நிதானமாகச் சொன்னாள்:

"போன வருசம் ஒரு சார் இப்டிதான் நோட்டு எடுத்துகினு வந்து சம்பளம், லீவு எல்லாம் கேட்டாரு. அப்புறம் பதில் சொன்ன ரெண்டு பேர வேலைய விட்டு ஊருக்கு அனுப்ட்டாங்க. நீங்க யாருன்னு எனக்கு எப்டி தெரியும்?"

இன்னொரு தடவை

அவள் முன்னாலேயே அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். அடுத்த வாரம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வேலூரில் நர்சிங் படிக்கும், காசி மொழி பேசும் ஒரு பெண்ணின் குரல் பதிவைப் போனில் போட்டேன். நெல்லுக்கு அவள் ‘க்பா’ என்றாள். அறையில் இருந்த நாலு பேரும் ‘பாபா, க்பா’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு பயிராக அவர்களே சொல்ல, நால்வரும் தலையாட்டிய சொல்லை மட்டும் எழுதினேன். கிளம்பும்போது சுமி மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டாள். முகத்தில் யோசனை.

"அந்தப் பொண்ணு உங்கள ஏமாத்தலன்னு நல்லா தெரியுமா மேடம்?"

ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய சொல்லைக்கூட விதி போட்டுக் கணித்துவிடுகிறோம், எதிரே உட்கார்ந்து சொல்பவர் நிஜத்தைத்தான் சொல்கிறாரா என்பதற்குத்தான் இன்னும் ஒரு விதியும் அகப்படவில்லை.