யுவராணி வாங்கிய நீலக் கார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஒரு பெரிய கட்டடத்தில் யுவராணிக்கு வேலை. ஊழியர்களை ஏற்றி இறக்கும் கார்களெல்லாம் அவள் பொறுப்பு. எந்த வண்டி எந்தத் தெருவில் மாட்டிக்கொண்டது, எந்த டிரைவர் போனை எடுக்கவில்லை, யார் வீட்டு வாசலில் ஹாரன் அடித்துத் திட்டு வாங்கினான் என்று நாள் முழுக்க அடுத்தவர் வண்டிகளோடுதான் அவள் பொழுது போகும். அவள் மட்டும் வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து, அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு போவாள்.

வண்டி ஓட்டத் தெரியாதவள் இல்லை. வேப்பம்பட்டில் அவள் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலமெல்லாம் பிளாட் ஆனபோது, அண்ணன் ஒரு குட்டியானை லோடு வண்டி வாங்கிச் செங்கல் ஏற்றி ஓட்டினான். அதில் பழகியவள். காலி வண்டியை ஏரிக்கரை ரோட்டில் அவள் விரட்டும்போது அண்ணனே கம்பியைப் பிடித்துக்கொள்வான்.

கார் வாங்கியே தீருவது என்று அவள் முடிவெடுத்தது ஒரு எச்சிலால். பட்டாபிராம் தாண்டி ரயில் வேகமெடுத்த நேரம், முன் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு வந்த எவனோ துப்பிய மாவாப் புகையிலை எச்சில், காற்றில் பறந்து வந்து ஜன்னலோரம் இருந்த அவள் கன்னத்திலும் கழுத்திலும் விழுந்தது. சூடாக இருந்தது. அந்தச் சூட்டைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. ஸ்டேஷன் குழாயில் தோல் எரியும்வரை தேய்த்துக் கழுவினாள். துப்பட்டாவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

கணவன் தேவராஜ் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பஸ்ஸில் போனாலே குமட்டும். தானே கியர் மாறுகிற சின்ன வண்டியாகப் பார்த்து வாங்கு என்றான்.

"அந்த பொம்ம வண்டி எனக்கு வேணாம். மிதிச்சா போவணும்," என்றாள் யுவராணி.

சின்ன உடம்பும் பெரிய மூச்சும் உள்ள வண்டிகள் சில உண்டு. டர்போ போட்ட ஹேட்ச்பேக். புதிதாக அவளுக்குக் கட்டாது. பழையதில் தேடித் தேடிக் கடைசியில் இரண்டு தேறின. பூந்தமல்லியில் ஒரு செகண்ட் ஹேண்ட் யார்டில் சிவப்பு வண்டி ஒன்று. கள்ளிக்குப்பத்தில் ஒரு அபார்ட்மென்டில், ஓனரே நேரடியாக விற்கும் நீல வண்டி ஒன்று. பார்த்துச் சொல்ல, அவள் கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் வேலை செய்யும் மெக்கானிக் அப்துல் ரசாக்கை அழைத்துக்கொண்டாள்.

முதலில் பூந்தமல்லி. யார்டு முதலாளி திருவேங்கடம், அவர்கள் வந்ததிலிருந்து ரசாக்கைப் பார்த்தே பேசினார். அவள் கேட்ட கேள்விக்கும் பதில் ரசாக்குக்குத்தான் போனது. இது கொஞ்சம் முரட்டு வண்டி, லேடீஸுக்கு வேறு வைத்திருக்கிறேன் என்று ஒரு வெள்ளை வண்டியைக் காட்டினார். பேசிக்கொண்டே பல்லிடுக்கில் விரல் விட்டு எதையோ எடுத்து, பார்த்து, சிவப்பு வண்டியின் கதவிலேயே தடவினார்.

வண்டி என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே மல்லிகை வாசனை அட்டைகள் கொத்தாகத் தொங்கின. யுவராணி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைத் திருப்பினாள். முதலில் மல்லிகை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. அவளுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. வெள்ளத்தின்போது ஏரித் தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகி அவள் வீட்டுக்குள் முழங்கால் வரை நின்றது. வடிந்த பிறகு மெத்தையைத் தூக்கியபோது அடித்தது இதே நாற்றம்.

அவள் இறங்கிவிட்டாள். ரசாக் டிரைவர் சீட்டுக்குக் கீழே தரை விரிப்பை உரித்தார். அடியில் பஞ்சு கறுத்துக் கூழாகிக் கிடந்தது. கையை வைத்து அழுத்தியதும் விரலிடையே பழுப்பாக நீர் கசிந்தது. அந்தக் கூழில் முடியும், ஒரு எலியின் வாலும் ஒட்டியிருந்தன. யுவராணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போனாள்.

திருவேங்கடத்துக்கு வெட்கமே இல்லை. "மழைன்னா எல்லார் ஊட்லயும்தான் தண்ணி பூந்துச்சு. ஊட்ட வித்துட்டா போயிட்டீங்க? பினாயில் ஊத்தி ஒரு கழுவு கழுவினா சரியாப்பூடும்," என்றார்.

ரசாக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரித்துக்கொண்டே நின்றார். வெளியே வந்து டீக்கடையில் சோப்பு வாங்கிக் கழுவிய பிறகுதான் பேசினார். இன்ஜினைக்கூடச் சரி செய்துவிடலாம், உள்ளே ஓடும் ஒயரெல்லாம் அரித்திருக்கும், ஒரு நாள் நடுரோட்டில் நின்றுவிடும் என்றார்.

அடுத்த ஞாயிறு கள்ளிக்குப்பம். நீல வண்டியின் ஓனர் விஷால் கோயம்புத்தூர்க்காரன், ஐ.டி.யில் வேலை. வாசலுக்கே வந்து "வாங்கக்கா" என்றான். செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றான். அவன் மனைவி நிவேதிதா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். திருவேங்கடத்துக்குப் பிறகு இந்த வீடு யுவராணிக்கு நிம்மதியாக இருந்தது.

வண்டியைப் பார்த்த ரசாக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் சிரித்துவிட்டார். நெமிலிச்சேரி பக்கம் வெளிவட்டச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். யுவராணி ஓட்டினாள். மூன்றாவது கியரில் அழுத்தியதும் முதுகு சீட்டோடு ஒட்டியது. வளைவில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. இத்தனை வருஷம் தன்னிடம் யாரோ மறைத்து வைத்திருந்த ஒன்று கைக்கு வந்ததுபோல இருந்தது அவளுக்கு. பின்சீட்டில் ரசாக் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும், இதன் வேகத்தைப் பார்க்க வேண்டுமே என்று விஷால் செல்போனை நீட்டினான். வண்டியின் முன்கண்ணாடியில் பொருத்தியிருந்த கேமரா எடுத்த வீடியோக்கள். ரசாக்கும் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். இதற்கென்றே இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருந்தான். முதலில் வெறும் ரோடு. அப்புறம் முன்னால் போகும் பைக்குகள். ஒவ்வொருவர் பின்னாலும் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போய், திடீரென்று ஹாரன் அடித்து, அவர்கள் தடுமாறுவதை எடுத்திருந்தான். ஒரு வீடியோவில் மழை. சாப்பாடு கொண்டுபோகும் டெலிவரிக்காரர் ஒருவர், பைக்கின் பின்னால் பெரிய பை. ஹாரன் சத்தத்தில் பைக் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. மனிதர் எழுந்தார். ஒரு கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சேற்றில் சிதறிய பிரியாணியை அள்ளி டப்பாவில் போட ஆரம்பித்தார். வண்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதே சிரிப்பை இப்போதும் அவள் காதருகே சிரித்தான் விஷால்.

"இதுக்குத்தான் அக்கா லைக்ஸ் நெறைய வந்துச்சு," என்றான்.

யுவராணி செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். கை கழுவ வேண்டும் என்று கேட்டு வீட்டுக்குள் போனாள். வாஷ்பேசினருகே நிவேதிதா துண்டோடு நின்றாள். உங்களுக்கும் காட்டிவிட்டாரா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மழையில நானும் உள்ள உக்காந்திருந்தேங்க. அப்புறம் அந்த வண்டில நான் ஏறவே இல்ல," என்றாள்.

இந்த வண்டி வேண்டாம் என்றுதான் யுவராணி வீடு திரும்பினாள். ரசாக் போனில் மல்லுக்கட்டினார். "வண்டி இன்னா பாவம் பண்ச்சு தங்கச்சி? அவன் நாதாரி. அதுக்கு வண்டி இன்னா பண்ணும்?" தேவராஜும் அதையே சொன்னான். இன்னொன்று நாற்றம் பிடித்தது, இது சுத்தமானது, பின்னே என்ன என்றான். மறுநாள் ரயிலில் ஜன்னலை மூடிக்கொண்டு புழுங்கியபடி போகும்போது, அந்த மூன்றாவது கியர் அவள் காலடியிலேயே இருந்தது.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். அந்த வீடியோக்கள் அத்தனையையும் என் கண் முன்னால் அழித்தால்தான் வண்டி எடுப்பேன். விஷால் சிரித்தான். அவ்வளவுதானா என்று கேட்டு, பக்கத்தை அழித்தான், செல்போனில் இருந்ததை அழித்தான், கேமராவின் கார்டையும் துடைத்துக் காட்டினான். எதையோ சுத்தம் செய்துவிட்ட திருப்தியோடு யுவராணி சாவியை வாங்கிக்கொண்டாள்.

வண்டி நன்றாக ஓடியது. வேப்பம்பட்டிலிருந்து எஸ்டேட் வரை சி.டி.எச். ரோட்டில் வேகமாகப் போக இடம் கிடைப்பது அபூர்வம்தான். கிடைக்கிற கொஞ்ச இடமும் அவளுக்குப் போதும். ஆனால் அம்பத்தூரை நெருங்க நெருங்க ஒன்று நடப்பதை அவள் கவனித்தாள். தங்கள் கண்ணாடியில் நீல வண்டியைக் கண்டதும் பைக்கில் போகிறவர்கள் சட்டென்று ஓரம் ஒதுங்கினார்கள். சிலர் கையை நீட்டித் திட்டினார்கள்.

ஒரு மாலை ஓ.டி. சிக்னலில் நின்றிருந்தபோது, பக்கத்தில் வந்த டெலிவரி பைக்கிலிருந்து கதவில் ஓங்கி ஓர் உதை விழுந்தது. கண்ணாடியை இறக்கினாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு மனிதர். உள்ளே ஒரு பெண் இருப்பதைப் பார்த்ததும் தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார்.

வண்டியை ஓரம் கட்டி இறங்கினாள். இந்த வண்டியை இப்போதுதான் வாங்கினேன் என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டார். பெயர் வேம்புலி. பாடி பக்கம் ஒரு கம்பெனியில் காண்டிராக்டில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஆள் குறைத்தபோது வெளியே வந்துவிட்டார். வலது மணிக்கட்டை அவர் காட்டுவதற்கு முன்பே, வீடியோவில் விழுந்தவர் இவர்தான் என்று யுவராணிக்குத் தெரிந்துவிட்டது. உடைந்த எலும்புக்கு உள்ளே உலோகத் தகடு வைத்திருந்தார்கள், கை முழுதாகத் திரும்பவில்லை.

"வலி கூட பரவால்லமா. நான் சோத்த அள்ளிக்கினு கீறேன், அவன் கண்ணாடிய எறக்கினு சிரிச்சான்," என்றார் வேம்புலி. வண்டி நம்பரைப் பார்க்கவில்லை. நீல வண்டி என்று மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியிருந்தார். நம்பர் இல்லாமல் எப்படித் தேடுவது, வீடியோ ஏதாவது இருந்தால் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்களாம்.

வீடியோ. யுவராணி நின்று அழிக்க வைத்தது அதைத்தான். அந்த மனிதருடைய போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் தேவராஜ் சோறு போட்டு வைத்திருந்தான். தட்டைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள். எலி வாலைத் தொட்ட ரசாக்காவது கையைக் கழுவிவிட்டார். தான் எதைக் கழுவுவது என்று தோன்றியது அவளுக்கு.

விஷாலுக்குப் போன் செய்தாள். அவன் குரலில் அதே மரியாதை. "எந்த வீடியோக்கா? நீங்கதான அழிக்கச் சொன்னீங்க?" என்றான். நிவேதிதாவின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். முழுவதும் கேட்ட பிறகு அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. பிறகு எடுக்கப்படவே இல்லை.

வேம்புலியிடம் உண்மையைச் சொன்னாள், நான்தான் அழிக்கச் சொன்னேன் என்பதையும் சேர்த்து. அவர் பைக்கை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பிறகு, "கண்ணால பாத்தீங்கல்ல? அத வந்து சொல்லுங்க," என்றார்.

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வண்டி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் அவளைத்தான் கேட்டார்கள். அவளும் விடவில்லை. வாங்கிய தேதி, பார்த்த வீடியோ, கேட்ட சிரிப்பு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். ரசாக்கும் வந்து, தானும் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்ததாகச் சொன்னார். விஷால் முதலில் மறுத்தான். ஆனால் வண்டி அப்போது அவன் பெயரில் இருந்தது, வேம்புலி விழுந்த இடத்துக்கு அன்று அது போனதற்கும் சாட்சி கிடைத்தது. வழக்குப் பதிவானது.

கோர்ட்டுக்கு வேம்புலியை யுவராணியே அழைத்துப் போனாள். ஏறும்போது அவர் தயங்கினார். பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து, இடது கையால் மேலிருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டார். அவள் பஸ்களுக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டினாள்.

அங்கே எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி விஷால் குற்றத்தை ஒப்புக்கொண்டான், அபராதம் கட்டினான். அவன் முகத்தில் வரிசையில் நின்று மின்சாரக் கட்டணம் கட்டியவனின் சலிப்புதான் இருந்தது. ஒப்புக்கொண்டது நல்லதுதான், நஷ்ட ஈடு கேட்டுத் தனியாகப் போடலாம், இது உதவும் என்று ஒரு வக்கீல் வேம்புலியிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

படியில் விஷால் எதிர்ப்பட்டான். வேம்புலியை அவன் பார்க்கவே இல்லை. யுவராணியைப் பார்த்து, பழைய அக்கம்பக்கத்தவன்போல முகம் மலர்ந்தான்.

"வண்டி எப்படிக்கா ஓடுது?"

"நல்லா ஓடுது," என்று யுவராணியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். சொன்ன வாயை அங்கேயே கிழித்துக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு. வேம்புலி கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தாள். அவர் வக்கீல் கொடுத்த காகிதத்தை இடது கையால் மடித்துச் சட்டைப்பையில் வைக்க முயன்றுகொண்டிருந்தார். அது உள்ளே போகவில்லை. அவள் வாங்கி, மடித்து, பையில் வைத்தாள். பகல் சாப்பாட்டு ஆர்டர்கள் ஆரம்பித்துவிடும், பைக் எஸ்டேட்டில் நிற்கிறது, அங்கே இறக்கிவிட முடியுமா என்று அவர் கேட்டார். இறக்கிவிட்டாள்.