துவான் ஜெயித்த ஸ்லிம் ரிவர் சண்டை

எண்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் யுத்தம் நடத்தினோம். இரண்டு பிங்பாங் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் மலை, ஆறு, சாலை எல்லாம் செய்துவைத்து, சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டிப் பழைய சண்டைகளைத் திரும்பவும் போடுவது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விளையாட்டில் ஒரு குறையும் இல்லை. விளையாட வந்த மனிதர்களைத்தான் எனக்குச் சகிக்காது.

நான் இடைநிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியன். மற்றவர்கள் எல்லாரும் ஒரே அரசாங்க இலாகாவைச் சேர்ந்தவர்கள். அந்த இலாகாவின் பெரிய அதிகாரிதான் எங்கள் குழுவுக்கும் தலைவர். ஆபீஸில் அவரை மலாயில் ‘துவான்’, அதாவது ஐயா, என்று கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரைக்கால் சட்டையும் ஜப்பான் சிலிப்பரும் போட்டுக்கொண்டு வந்தாலும் அவர் துவான்தான். வருஷ முடிவில் இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் ரகசிய அறிக்கை எழுதுவது அவர் கை. அப்புறம் என்ன, சேர்ந்த நாளிலிருந்து துவான் ஒரு சண்டையிலும் தோற்றதில்லை. எதிரில் நிற்பவன் நெப்போலியனாக இருந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சரணடைந்துவிடுவான். ஜால்ரா போடுவதற்கும் ஓர் அளவு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே போன பிறகுதான் அப்படி ஓர் அளவே கிடையாது என்று தெரிந்தது.

நான் ஏன் போனேன்? மேசைக்காகத்தான். நிலத்தைச் செய்வது என் வேலை, சண்டைக்கு நடுவரும் நானே. அந்த வருஷம் ஸ்லிம் ரிவரைச் செய்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் டாங்கிகளை நெடுஞ்சாலையிலேயே ஓட்டி வந்து, ஒரே காலையில் பிரிட்டிஷ் பட்டாளத்தைச் சிதறடித்த இடம். அங்கே தோற்றதால்தான் சில நாளில் கோலாலம்பூரும் கைவிட்டுப் போனது. செந்தூல் மரப்பட்டறையிலிருந்து மரத்தூள் வாங்கி வந்து பச்சைச் சாயத்தில் ஊறவைத்தேன். ஆற்றுக்கு வார்னிஷைப் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசி, தண்ணீரின் கலங்கல் நிறம் வரும்வரை விடவில்லை. ரப்பர் பால்மரங்களுக்குத் தீக்குச்சியும் பஞ்சும். தோட்டத்தில் இருக்கிற மாதிரி நிரை பிடித்து நட்டேன்.

துவான் வந்து குனிந்து பார்த்தார்.

“என்ன மாஸ்டர், மரமெல்லாம் பரேட் நிக்குது? கொஞ்சம் இயற்கையா வைங்க லா.”

“பால்மரம் அப்படித்தான் துவான் நிக்கும்.”

“அப்படியா?” என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வருஷக் கணக்காக ஈப்போவுக்குக் காரில் போய்வருகிற மனிதர். கண்ணாடிக்கு வெளியே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கையிலிருந்த தேத்தண்ணீர் கிளாஸை என் மலையுச்சியில் வைத்துவிட்டு, தான் பிரிட்டிஷ் பக்கம் என்று அறிவித்தார்.

“வெள்ளக்காரன் அன்னிக்கு தப்பு பண்ணிட்டான். நான் இருந்திருந்தா கதையே வேற.”

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

ஜப்பான் பக்கத்துக்கு ஆள் வேண்டும். அந்த இலாகாவில் வேலை பார்த்த என் நண்பன் தானே முன்வந்தான். கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவன். அவனுக்கு அப்போது கடல்தாண்டிச் சபாவில் இருக்கிற சண்டாக்கானுக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. அவன் மனைவி கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சபாவில் தமிழ்ப்பள்ளியே கிடையாது. அவள் போனால் வேலையை விட வேண்டும், போகாவிட்டால் அவன் அங்கே, அவளும் நடக்கப் பழகிக்கொண்டிருந்த பெண்குழந்தையும் இங்கே. துவான் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றல் நின்றுவிடும். ஆபீஸில் அவரை நெருங்க முடியாது. சண்டையில் ஜெயித்த கையோடு அவர் நல்ல மனநிலையில் இருப்பார் என்பது ஊரறிந்த விஷயம்.

“அண்ணே, நான் நல்லா தோக்கணும்ணே. அவரு மனசு குளுந்துடணும். அப்பதான் கேக்க முடியும்” என்றான் என்னிடம்.

இவனுமா ஜால்ரா என்று இருந்தது எனக்கு. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் ஜப்பான் டாங்கிப் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

துவான் படையை நிறுத்திய அழகைச் சொல்ல வேண்டும். டாங்கிகள் வரப்போவது சாலையில். சாலை போவது பாலத்துக்கு. பாலம் போனால் எல்லாம் போச்சு. இதைப் புரிந்துகொள்ள ஜெனரலாக இருக்க வேண்டியதில்லை, பஸ் டிரைவராக இருந்தாலே போதும். துவான் தன் பீரங்கிகள் அத்தனையையும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தோட்டத்து மேனேஜர் பங்களாவைச் சுற்றி நிறுத்தினார். அதுதான் அவருடைய தலைமையகம். பாலத்தை வெடிவைத்துத் தகர்க்க வேண்டியவர்கள் பங்களா வாசலில் காவல் நின்றார்கள்.

“ஹெட் குவார்ட்டர்ஸ்தான் முக்கியம். அது போச்சுன்னா யாரு ஆர்டர் குடுக்கறது?” என்றார்.

அவருடைய ஆபீஸும் அப்படித்தான் நடந்தது என்று நண்பன் சொல்லியிருக்கிறான். பாலத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நண்பன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. தோற்பதற்குத் தயாராக வந்தவனுக்குத் தோற்க வழியில்லை. டாங்கிகளைச் சாலையிலிருந்து இறக்கிப் பால்மரங்களுக்குள் விட்டான். சேற்றில் சிக்குகிறதா என்று பகடை போட வேண்டும். ஒன்று விழுந்தால் சிக்கும். அவனுக்கு ஆறு ஆறாக விழுந்தது. வரிசை மரங்களுக்கு நடுவே டாங்கிகள் உல்லாசமாகப் போய் மறுபடி சாலையில் ஏறின. வேண்டுமென்றே துவானின் காலாட்படைக்கு எதிரே போய் நிறுத்தினான். அவர்கள் சுடவில்லை. துவான் கரிபாப் தின்றுகொண்டிருந்தார், அவர் தலையசைக்காமல் அந்தப் பக்கம் ஒரு சிப்பாய் நகரமாட்டான். அந்தப் பட்டாளத்துக்குப் பொறுப்பாக நின்ற குமாஸ்தா கையைக் கட்டிக்கொண்டு துவான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கெட்டு, கடைசியில் முதல் டாங்கி பாலத்தருகே வந்து நின்றது. எதிரில் ஈ காக்காய் இல்லை. நண்பனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

“டாங்கிக்கு எண்ணெய் தீந்துபோச்சுன்னு வச்சுக்கலாமாண்ணே?” என்று என்னைக் கேட்டான்.

எங்கள் விதிகளில் எண்ணெய் என்ற பேச்சே கிடையாது. மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. “தீந்துபோச்சு” என்றேன். வேறென்ன சொல்வது? பகடையும் துவானும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடப் பார்த்தபோது, நடுவராவது குறுக்கே நிற்க வேண்டாமா?

அதன்பிறகு துவான் பங்களாவிலிருந்து பீரங்கிகளைச் சாவகாசமாக நகர்த்திக்கொண்டு வந்து, நின்ற இடத்திலேயே நின்ற டாங்கிகளை ஒவ்வொன்றாகச் சுட்டார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். தலைமைக் குமாஸ்தா விசில்கூட அடித்தார். பேரப்பிள்ளை எடுத்த மனுஷன்.

துவானுக்கு முகமெல்லாம் பல். நண்பன் காத்திருந்து, அவர் கைகழுவிவிட்டு வந்ததும் மெல்லப் பக்கத்தில் போய் நின்றான்.

“துவான், அந்த சண்டாக்கான் விஷயம்... என் வைஃப் தமிழ் ஸ்கூல் டீச்சர். அங்க அவங்களுக்கு வேல இல்ல. கொஞ்சம் பாத்து...”

துவான் அவன் தோளில் கைபோட்டார். அந்தக் குரலில் அப்படி ஒரு பாசம்.

“இன்னிக்கு உங்கள நான் நல்லா கவனிச்சேன். பாலம் தொறந்து கெடக்கு. ஒரு ஆளு இல்ல. நேரா வந்து ஏற வேண்டியதுதானே? நின்னுட்டீங்க. முடிவெடுக்க பயப்படறீங்க. ஹெட் ஆபீஸ்லயே இருந்தா இப்படியேதான் இருப்பீங்க. சண்டாக்கான் சின்ன ஆபீஸ், எல்லாம் நீங்களே முடிவு பண்ணணும். போயிட்டு வாங்க. உங்களுக்கு நல்லது லா.”

பாலம் திறந்து கிடந்தது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதைத் திறந்துபோட்டது தான்தான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. தான் நிஜமாகவே ஜெயித்ததாக நம்புகிறார்! சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவராவது வாயைத் திறப்பார்களா என்று பார்த்தேன். எல்லாரும் சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார்கள்.

“துவான், அவன் வேணும்னேதான்...” என்று நான் ஆரம்பித்தேன்.

நண்பன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உண்மையைச் சொன்னால் துவானின் ஜெயம் பொய்யாகிவிடும். அதற்கு அவர் அவனைச் சண்டாக்கானோடு விடமாட்டார். நானும் ஒரு பெட்டியை எடுத்துச் சிப்பாய்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“தேங்க்ஸ் துவான்” என்றான் அவன். குரல் தழுதழுத்தது. அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு துவான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் அவன் போனான். சுபாங் விமான நிலையத்தில் குழந்தை அவன் சட்டையை விடவில்லை. அவன் மனைவிதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கிக்கொண்டாள். அவர்களைக் கிள்ளானில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். சட்டையைக் கழற்றும்போது டெலிபோன் அடித்தது. துவான்.

“மாஸ்டர், ஜப்பான் சைடுக்கு புதுசா ஒரு ஆள் பாக்கணும். கொஞ்சம் வெளையாடத் தெரிஞ்ச ஆளா பாருங்க. போன தடவ வந்தவரு ரொம்ப ஈசியா தோத்துட்டாரு. ஜெயிச்சும் எனக்கு சப்புன்னு போச்சு.”