எந்தக் குடி?

சிலோனில் இந்த ஏறாவூரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். "நீங்க எந்தக் குடி?" என்பார்கள். நம் மேலப்பாளையத்தில் இப்படிக் கேட்டால் கைகலப்பாகிவிடும். இங்கே குடி என்றால் தாய்வழியில் வரும் வம்சம். கள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தையல் மெஷினோடு வந்திறங்கிய எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதற்குள் இந்த ஊர் அளவில் நாலு கொத்து அரிசியைப் பறிகொடுத்தேன்.

அப்போது உலகச் சண்டைக்காலம். பெர்மிட் இல்லாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோகக் கூடாதென்று சட்டம். இந்த ஊர்ப் பெண்ணைத்தான் கட்டியிருந்தேன், ஆனால் கல்யாணப் பேச்சையெல்லாம் பெரியவர்கள் பேசியதால் இந்தக் கேள்வி என் காதுக்கு வரவில்லை. அவள் பிள்ளை பெற்றுப் பத்து நாள். கூப்பன் அரிசி வாரத்தில் பாதிக்குக்கூடக் காணாது. கரடியனாற்றில் வயற்காரர் ஒருவர் தையற்கூலிக்கு அரிசி தந்தார். ஊர் எல்லையில் விதானையும் ஒரு காவலாளும் நின்றார்கள். விதானை என்பவர் சர்க்கார் வைத்த ஊர்த்தலைவர். எனக்கு முன்னால் ஒருவர் வண்டியில் இரண்டு மூட்டையோடு வந்தார். விதானை என்னவோ கேட்டார், அவர் என்னவோ சொன்னார், வண்டி போய்விட்டது; கேட்டது குடியை என்று பின்னால்தான் புரிந்தது. பெர்மிட்டைப் பற்றி ஒரு பேச்சுமில்லை. அடுத்து நான்.

"நீங்க எந்தக் குடி?"

"நான் குடிக்கிறதில்லீங்க. எங்க வாப்பாவும் குடிச்சதில்ல."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐவேளை தொழுகிறவனைக் குடிகாரனாக்கிவிட்டுச் சிரிக்கிறார்களே என்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். விதானையின் சிரிப்பு நின்றது.

"மறுகா, பேமிற் இரிக்கா? இல்லாட்டி அரிசிய வச்சிட்டுப் போங்க. வரத்தானுக்கு இவ்வளவு வாயா?"

வரத்தான் என்றால் வெளியூரிலிருந்து வந்து ஒட்டியவன். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அந்த வீடும் என்னுடையதல்ல, மனைவிக்குச் சீதனமாக வந்தது. அன்று அவள் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சட்டம் என்றால் அந்த வண்டிக்கும் சட்டமாக இருக்க வேண்டாமா? இங்கே பிழைக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், சர்க்கார் காகிதத்தை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். அதில் இருப்பது பாதிச் சட்டம். மீதி இவர்கள் வாயில் இருக்கிறது, நீங்கள் தப்பாகப் பேசிய பிறகுதான் அது தெரியவரும்.

சண்டை முடிந்தும் அந்தச் சட்டம் போகவில்லை. போன மாதம் செங்கலடியிலிருந்து மறுபடி அரிசி கொண்டுவந்தேன். அன்று பத்து நாள் பிள்ளையாக இருந்த மகள் இப்போது என் கூடவே நடந்து வந்தாள். அதே எல்லை, அதே விதானை. என்னை ஏறிட்டும் பார்க்காமல் அவளிடம் குனிந்தார்.

"புள்ள எந்தக் குடி?"

அவள் தன் உம்மாவின் குடிப்பெயரைப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"நம்மட புள்ளதான். போங்க."

பெர்மிட் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மகள் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா, நீங்க எந்தக் குடி?"

இங்கே நான் வரத்தான். ஊருக்கு வந்தால் நீங்கள் என்னைச் சிலோன்காரன் என்கிறீர்கள். இதில் எதை அவளுக்குச் சொல்வது? அவள் பேரில் விட்ட அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன்.